கார்னேஷன் – மலிவான பூ என்றால் மட்டமான பூவா?

ரோஜாவுக்குக் காதலர் தினம் இருக்கிறது. தாமரைக்குக் கோயில் குளம் இருக்கிறது. மல்லிகைக்கு மதுரையே இருக்கிறது. கார்னேஷனுக்கு என்ன இருக்கிறது?

நம் ஊரில் இந்தப் பூவைப் பார்க்காதவர்கள் குறைவு, பெயர் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாண வரவேற்பு மேடையில் மணமக்களுக்குப் பின்னால் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்களே, டிஷ்யூ பேப்பரைக் கசக்கி வைத்தது போல் மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் சின்னச் சின்னப் பற்களோடு... அதுதான் கார்னேஷன். பொக்கேயில் ரோஜாவுக்குப் பக்கத்தில் காலி இடத்தை நிரப்பும் வேலையும் இதற்குத்தான். வெளிநாட்டிலும் இதற்குப் பெரிய மரியாதை இல்லை. பெட்ரோல் பங்க் கடையில்கூடக் கிடைக்கும் பூ, காசு குறைவாக இருக்கும்போது வாங்குகிற பூ என்று ஓர் இளக்காரம்.

இந்த இளக்காரம் நியாயமே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

பொருளாதாரப் பாடத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பழைய புதிர் வரும். ஆடம் ஸ்மித் 1776ல் வெளியான தன் புத்தகத்தில் சொன்னது. தண்ணீர் இல்லாமல் யாரும் வாழ முடியாது, ஆனால் அதன் விலை சொற்பம். வைரத்தால் பெரிய உபயோகம் இல்லை, ஆனால் விலையோ கொள்ளை. ஆக விலை வேறு, மதிப்பு வேறு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிற இந்தப் பாடத்தைக் கார்னேஷனை வைத்து மறுபடியும் படிக்கலாம். பூக்களில் இது தண்ணீர் ஜாதி!

முதலில் பூவைப் பற்றிக் கொஞ்சம்

கார்னேஷனின் தாவரவியல் பெயர் டயாந்தஸ் கேரியோஃபில்லஸ். டயாந்தஸ் என்றால் கிரேக்க மொழியில் தெய்வ மலர் என்று பொருள். பிற்பாதிக்கும் கிராம்புக்கும் சம்பந்தம் உண்டு. பழைய ரகக் கார்னேஷனை முகர்ந்தால் கிராம்பு வாசம் அடிக்கும். இரண்டிலும் இருப்பது யூஜினால் என்ற ஒரே வாசனைப் பொருள். ஸ்பானிய மொழியில் கிராம்புக்குக் கிளாவோ, இந்தப் பூவுக்குக் கிளாவெல். பெயரிலேயே உறவு தெரிகிறது.

இன்னொரு சுவாரசியம். நாம் 'பிங்க் கலர்' என்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல் முதலில் இந்தப் பூ இனத்தின் பெயர். நிறத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. ஒரு நிறத்துக்கே பெயர் கொடுத்த குடும்பம் இது!

காட்டு வகையில் ஐந்தே இதழ்கள். இன்று கடையில் பார்க்கும் அடுக்கடுக்கான பூ, தோட்டக்காரர்கள் பல நூறு வருடம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததன் பலன். இலைகள் ஒல்லியாக, மெழுகு பூசினாற்போல் சாம்பல் கலந்த பச்சையில் இருக்கும். தண்டில் கணுக்கள் புடைத்திருக்கும். 1717 வாக்கில் லண்டனில் தாமஸ் ஃபேர்சைல்டு என்ற தோட்டக்காரர் கார்னேஷனையும் அதன் உறவான ஸ்வீட் வில்லியம் பூவையும் இணைத்து ஒரு கலப்புச் செடியை உண்டாக்கினார். மனிதன் தெரிந்தே செய்த முதல் கலப்பினச் செடி அதுதான் என்று தாவரவியல் வரலாறு சொல்கிறது. அந்தச் செடி விதை தரவில்லை. அதனால் கோவேறு கழுதையின் நினைவாக 'ஃபேர்சைல்டின் கழுதை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சியில் கார்னேஷன் முன்னால் நின்றது அந்த ஒரு முறை மட்டும் இல்லை. நீல நிறத்துக்கு வேண்டிய மரபணு கார்னேஷனுக்குக் கிடையாது. பெட்டூனியாவிலிருந்து மரபணு எடுத்து வைத்து, ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீன் நிறுவனமும் ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் ஊதா நிறக் கார்னேஷனை உருவாக்கி 1996ல் விற்பனைக்குக் கொண்டுவந்தன. மரபணு மாற்றிக் கடைக்கு வந்த முதல் அலங்காரப் பூ அதுதான்.

ஆனால் வியாபாரிக்குப் பிடித்த குணம் வேறு. பறித்த பிறகும் கார்னேஷன் உயிரோடு இருக்கும். தண்ணீரை மாற்றிப் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட வாடாது. (ஒரு டிப்ஸ்: பழுத்த வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் சீக்கிரமே சுருங்கிவிடும்.) நாள் தாங்குவதால் தூரத்திலிருந்து கொண்டுவரலாம், சேதாரம் குறைவு, வருடம் முழுக்கக் கிடைக்கிறது. விலை குறையக் காரணமே பூவின் திறமைதான். திறமைசாலியைப் பார்த்து 'எளிதில் கிடைக்கிறான்' என்று இளக்காரம் செய்வது எந்த ஊர் நியாயம்?

ஒரு மகளின் ஐந்நூறு பூக்கள்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கிராஃப்டன் என்ற சின்ன ஊர். 1908 மே 10ஆம் தேதி அங்குள்ள மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு ஐந்நூறு வெள்ளைக் கார்னேஷன்கள் வந்து சேர்ந்தன. அனுப்பியவர் அன்னா ஜார்விஸ். 1905ல் இறந்துபோன தன் தாயின் நினைவாக எல்லா அன்னையரையும் கௌரவிக்க ஒரு நாள் வேண்டும் என்று அவர் கேட்டார். கார்னேஷன் அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ. 1914ல் அதிபர் உட்ரோ வில்சன் மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமாக அறிவித்தார்.

இதோடு முடிந்திருந்தால் அழகான கதை. ஆனால் சந்தை என்று ஒன்று இருக்கிறதே! ஒரே நாளில் தேசம் முழுக்க ஒரே நிறப் பூவைக் கேட்டால் என்ன ஆகும்? தேவை ஏறியது, விலை ஏறியது, வெள்ளைப் பூ போதவில்லை. பூ வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அம்மா உயிரோடு இருந்தால் சிவப்பு, இறந்திருந்தால் வெள்ளை என்று பிரசாரம் செய்தார்கள். பிரச்சினை தீர்ந்தது, விற்பனையும் பெருகியது. அடுத்து வாழ்த்து அட்டைக்காரர்கள், மிட்டாய்க்காரர்கள் என்று எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

அன்னா ஜார்விஸுக்குத் தாங்கவில்லை. மீதி வாழ்நாளை, தானே தொடங்கிய நாளின் வியாபாரத்தை எதிர்ப்பதில் செலவிட்டார். 1925ல் பிலடெல்பியாவில், போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களின் சங்கம் ஒன்று நிதி திரட்டக் கார்னேஷன் விற்றது. அதை எதிர்த்து அங்கே போய் ரகளை செய்து கைதும் ஆனார். 1934ல் அன்னையர் தினத் தபால் தலையில் விஸ்லர் வரைந்த தாயின் ஓவியத்தை அச்சிட்டபோது, மூலத்தில் இல்லாத ஒரு பூ ஜாடியை ஓரத்தில் சேர்த்திருந்தார்கள். அதற்கும் அவர் கொதித்தார். கல்யாணம் ஆகாத, பிள்ளை இல்லாத அந்தப் பெண்மணி 1948ல் ஒரு காப்பகத்தில், கையில் காசில்லாமல் இறந்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? அன்னாவின் வருத்தம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அவர் கோபம் தப்பான இடத்திலும் கொஞ்சம் விழுந்தது. போரில் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார்கள் ஒரு நல்ல காரியத்துக்குப் பூ விற்றதில் என்ன கெட்டுப்போனது? காசு கை மாறியதாலேயே ஒரு பூவின் அர்த்தம் செத்துவிடாது. அவர் அனுப்பிய ஐந்நூறு பூவுக்கும் யாரோ ஒரு வியாபாரிக்குக் காசு போயிருக்கும் அல்லவா?

துப்பாக்கி முனையில் ஒரு பூ

இனி போர்ச்சுகலுக்குப் போவோம். அன்னாவின் பூவுக்கு விலை ஏறியது. இங்கே விலையே இல்லாமல் போன பூ ஒன்று சரித்திரத்தில் ஏறியது.

1974 ஏப்ரல் 25. போர்ச்சுகலில் 48 வருடமாக சர்வாதிகாரம். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் ஆகிய ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961 முதல் முடிவே இல்லாத போர். அலுத்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள் அன்று விடியற்காலையில் டாங்கிகளோடு லிஸ்பன் நகருக்குள் புகுந்தார்கள்.

அதே நாளில் நகரத்தின் ஓர் உணவகத்துக்கு முதல் பிறந்தநாள். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கக் கார்னேஷன் வாங்கி வைத்திருந்தார்கள். புரட்சி நடக்கும்போது சாப்பிட யார் வருவார்கள்? முதலாளி கடையைத் திறக்கவில்லை. பூக்கள் வீணாகாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அங்கே வேலை பார்த்த செலஸ்தே கயேரோ என்ற நாற்பது வயதுப் பெண், கை நிறையப் பூவோடு தெருவுக்கு வந்தார். டாங்கியில் இருந்த ஒரு சிப்பாய் சிகரெட் இருக்கிறதா என்று கேட்டான். அவருக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. இருந்தது பூதான். ஒன்றை நீட்டினார். அவன் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டான். மற்ற சிப்பாய்களும் கேட்டார்கள். பூ விற்கும் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஆட்சி கவிழ்ந்தது. ரகசியப் போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். ஆனால் புரட்சி செய்த ராணுவம் மக்கள் மேல் சுடவில்லை.

உலகம் அதற்குக் கார்னேஷன் புரட்சி என்று பெயர் வைத்தது. அடுத்த வருடம் இதே தேதியில் அங்கே சுதந்திரமான தேர்தல் நடந்தது. 1975ல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றன. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1961ல் கோவா இந்தியாவோடு இணைந்ததைப் பழைய ஆட்சி கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. புரட்சிக்குப் பிறகு வந்த அரசுதான் 1974 டிசம்பர் 31ல் ஒப்பந்தம் போட்டு ஒப்புக்கொண்டது.

செலஸ்தே 2024 நவம்பரில் தன் 91வது வயதில் காலமானார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று அந்த உணவகம் விலை உயர்ந்த ஆர்க்கிட் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மேஜைக்கு ஒன்று என்று எண்ணி வாங்கியிருப்பார்கள். கை நிறைய அள்ளித் தெருவில் கொடுக்க மிஞ்சியிருக்காது. அந்தப் பருவத்தில் மலிவாக, ஏராளமாகக் கிடைத்த பூ என்பதால்தான் பூக்காரிகளும் தயங்காமல் கொடுத்தார்கள். மலிவுதான் அந்தப் பூவைத் தெருவில் நின்ற அத்தனை பேர் கைக்கும் கொண்டு சேர்த்தது!

நிறத்துக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல்கள்

'சிவப்பு என்றால் காதல், வெள்ளை என்றால் தூய்மை, மஞ்சள் என்றால் நிராகரிப்பு' என்று பூக்களின் மொழிக்குப் பட்டியல் போடுவார்கள். கார்னேஷன் விஷயத்தில் இந்தப் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லும்?

சிவப்புக் கார்னேஷனையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் பல இடங்களில் அது மே தினத் தொழிலாளர் பூ. ரஷ்யாவில் போர் நினைவிடங்களில் வைக்கும் பூ. அங்கே சந்தோஷ நிகழ்ச்சிக்கு ஒற்றைப்படையிலும் துக்கத்துக்கு இரட்டைப்படையிலும் கொடுக்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முதல் தேர்வுக்கு வெள்ளை, இடையில் பிங்க், கடைசித் தேர்வுக்குச் சிவப்புக் கார்னேஷன் சட்டையில் குத்திக்கொண்டு போகிறார்கள். அங்கே சிவப்புக்கு 'அப்பாடா, முடிந்தது' என்று அர்த்தம்! 1892ல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு தன் நாடகத்தின் முதல் நாள் காட்சிக்கு நண்பர்களைப் பச்சைச் சாயம் ஏற்றிய கார்னேஷன் அணிந்து வரச் சொன்னார். பின்னாளில் அது ஒருபால் ஈர்ப்பாளர்களின் அடையாளமாகப் பேசப்பட்டது.

ஒரே பூ, ஒரே நிறம், ஊருக்கு ஊர் வேறு அர்த்தம். ஆக அர்த்தம் இதழில் இல்லை. யார், யாருக்கு, எப்போது கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. எல்லோர் கைக்கும் எட்டுகிற பூவுக்குத்தான் இத்தனை அர்த்தங்களைச் சுமக்க முடியும்.

ஒரு தண்டுப் பூவின் மதிப்பை எடை போட ஒரு நாடு சட்டத்தையே புரட்ட வேண்டி வந்தது தெரியுமா? தென்கொரியாவில் மே 8 பெற்றோர் தினம், மே 15 ஆசிரியர் தினம். இரண்டுக்கும் கார்னேஷன்தான். 2016 செப்டம்பரில் லஞ்சத்துக்கு எதிரான கடுமையான சட்டம் ஒன்று அங்கே அமலுக்கு வந்தது. மாணவர் தன் ஆசிரியருக்குக் கார்னேஷன் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் கொடுக்கலாம், தனித்தனியாகக் கொடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. சிரிப்பாக இருக்கிறதா? மதிப்பெண் போடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் ஒரு சின்னப் பூவுக்கும் கனம் உண்டு என்று அந்தச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. விலையைப் பார்த்து 'போனால் போகட்டும்' என்று விடவில்லை.

மலிவுக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

'எல்லாம் சரி, அந்த மலிவு எங்கிருந்து வருகிறது?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

ஒரு காலத்தில் அமெரிக்கா தனக்கு வேண்டிய கார்னேஷனைக் கொலராடோ, கலிபோர்னியா போன்ற இடங்களில் தானே வளர்த்துக்கொண்டது. 1967ல் கொலராடோவில் ஒரு பல்கலைக்கழக மாணவர், உலகச் சந்தைக்குப் பூ வளர்க்கக் கொலம்பியாவின் பொகோட்டா ஏற்ற இடம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு அருகில் என்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேர வெளிச்சம். சுமார் 2,600 மீட்டர் உயரம் என்பதால் இதமான குளிர். கண்ணாடிக் கூடத்தைச் சூடாக்கும் செலவு இல்லை. கூலியும் குறைவு. 1969ல் அங்கே கார்னேஷன் பண்ணை ஆரம்பமானது. 1991ல் அமெரிக்கா இறக்குமதி வரியையும் எடுத்தது. இன்று பூ ஏற்றுமதியில் நெதர்லாந்துக்கு அடுத்த இடம் கொலம்பியாவுக்கு. அமெரிக்கக் கார்னேஷன் விவசாயிகள் பெரும்பாலும் காணாமல் போனார்கள். ஒரு மாணவரின் ஆய்வுக் கட்டுரைக்கு இவ்வளவு சக்தி!

அந்தப் பண்ணைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். அவர்களுக்கு வேலை கிடைத்தது, கையில் காசு வந்தது, அது உண்மை. சீசன் நேரத்தில் நீண்ட வேலை நேரம், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை வலி, பூச்சி மருந்து பற்றிய புகார்கள், இவையும் உண்மை. கடையில் பூவின் மேல் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டில் இந்தக் கணக்கு வராது.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் போனால் பசுமைக்குடில்களுக்குள் கார்னேஷன் வளர்வதைப் பார்க்கலாம். கொய்மலர் சாகுபடி என்பார்கள். குடில் போட லட்சக்கணக்கில் முதலீடு, பெரும்பாலும் வங்கிக் கடன். செடி சாயாமல் வலை கட்ட வேண்டும். ஒரு தண்டுக்கு ஒரு பெரிய பூ கிடைக்கப் பக்க மொட்டுகளைக் கையால் கிள்ள வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு விலையைத் தீர்மானிப்பது முகூர்த்த நாள். கல்யாண சீசனில் ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் இறங்கும். செடிக்கு ஆடி, மார்கழி தெரியாதே, அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றபோது பூவை வெட்டிக் குப்பையில் கொட்டினார்கள். வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. இப்போது மேடை அலங்காரத்தில் பிளாஸ்டிக் பூ வேறு போட்டிக்கு நிற்கிறது. கழுவித் துடைத்து அடுத்த மண்டபத்துக்கும் எடுத்துப் போகலாம் என்பதால் அலங்காரக்காரருக்கு லாபம். விவசாயிக்கு?

கடைசியாக...

பூவின் விலை குறைவாக இருப்பது பூவின் குற்றம் இல்லை. சொல்லப்போனால் அதுதான் அதன் பெருமை. ஒரு மகள் ஐந்நூறு பூ அனுப்ப முடிந்ததும், ஓர் உணவகப் பணிப்பெண் ராணுவத்துக்கே பூ கொடுக்க முடிந்ததும் அதனால்தான். இளக்காரம் செய்ய வேண்டியது பூவை அல்ல. விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் போக வேண்டிய காசைக் குறைத்து வருகிற மலிவைத்தான் கேள்வி கேட்க வேண்டும். பூ தன் திறமையால் மலிவாக இருப்பது ஒன்று, உழைப்பவர் வயிற்றில் அடித்து மலிவாக்குவது வேறு. இரண்டையும் ஒரே விலைச் சீட்டில் எழுதுவதால்தான் குழப்பம்.

வீட்டில் கல்யாணம் வருகிறதா? மேடைக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், நிஜப் பூதான் வேண்டும் என்று அலங்காரக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். நீலகிரியில் தவணை கட்டும் ஒருவருக்கு அது போய்ச் சேரும். விருந்து முடிந்ததும் அந்தப் பூக்களைக் குப்பைக்கு அனுப்பாமல் வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் இன்னும் பல நாள் இருக்கும்.

ஆனால் பழக்கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்!